நம் ரத்தத்தை நாமே படிக்க வேண்டும்

"எச்ஐவிக்குத்தான் மாத்திரை வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஆராய்ச்சி?" இப்போதெல்லாம் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கோப்பில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். 2025 மே மாதக் கடைசியில் இதே கேள்வி அதிகாரத்தின் உத்தரவாகவே வந்தது. எச்ஐவி தடுப்பூசிக்காகப் பல ஆண்டுகள் உழைத்துவந்த இரண்டு பெரிய ஆய்வுக் கூட்டமைப்புகளுக்கு, அதாவது டியூக் பல்கலைக்கழகத்திலும் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்திலும் இருந்தவற்றுக்கு, இனி நிதி நீட்டிப்பு கிடையாது என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் தெரிவித்துவிட்டது. ஏற்கெனவே கையில் உள்ள வழிகளைக் கொண்டே நோயை ஒழிக்கலாம் என்று காரணம் சொல்லப்பட்டது.

இது தவறான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். அதைவிடவும், அந்த முடிவை இங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது பெரிய தவறு. அமெரிக்கப் பணம் நின்றால் நம் ஊர் மக்களின் நோய் எதிர்ப்புச் செல்களைப் பற்றிய படிப்பும் நின்றுபோகும் என்ற நிலையில் இத்தனை காலம் நாம் ஏன் இருந்தோம்?

நான் விஞ்ஞானி இல்லை, லேப் டெக்னீஷியன். எச்ஐவி உள்ளவர்கள் கொடுக்கும் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, எண்ணி, உறையவைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது என் வேலை. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். லாரித் தொழிலில் பிழைத்த ஊர் என்பதால் தொண்ணூறுகளில் இந்த நோய் எங்களை எப்படி அடித்தது என்று மாநிலத்துக்கே தெரியும். எலும்புருக்கி என்று சொல்லி மூடிவைத்த சாவுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் மாத்திரையின் அருமை எனக்குத் தெரியும். 2004 ஏப்ரல் 1-இல் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் அந்த முதல் மையங்களில் ஒன்று. எழுந்து உட்கார முடியாமல் வந்தவர்கள் சில மாதங்களில் பஸ் ஏறி மாத்திரை வாங்கத் தாமாகவே வந்ததைக் கண்டவர்கள் யாரும் மருந்தைக் குறைத்துப் பேசமாட்டார்கள்.

ஆனால் அந்த மாத்திரையை யாருக்கு, எப்போது கொடுப்பது என்பதைச் சொன்னது எது? செல்களின் கணக்குத்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், எச்ஐவி அழிக்கும் சிடி4 என்ற வெள்ளணு 200-க்குக் கீழே போனால்தான் மருந்து என்றார்கள் முதலில். பிறகு 350 என்றார்கள். பிறகு 500. மருந்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பார்க்க அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. 2015-இல் வெளியான ஸ்டார்ட் என்ற பெரிய ஆய்வு, கவுண்ட் எவ்வளவு இருந்தாலும் கண்டுபிடித்த உடனே மருந்து தொடங்குவதே நல்லது என்று நிலைநாட்டியது. 2017-இல் இந்தியாவும் அந்த வழிக்கு வந்தது. மாத்திரையா ஆராய்ச்சியா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்யும் வேலை எப்படியிருக்கும் என்று வெளியில் பலருக்குத் தெரியாது. காலையில் எடுத்த ரத்தம் சில மணி நேரத்துக்குள் மேசைக்கு வந்தாக வேண்டும். தாமதமானால் செல்கள் சாகத் தொடங்கும். ரத்தத்தை உப்புநீரில் கலந்து, ஃபைக்கால் என்ற நிறமற்ற திரவம் உள்ள குழாயில் சாய்த்துப் பிடித்து, பிப்பெட்டால் சுவரோடு மெல்ல இறக்க வேண்டும். இரண்டும் கலந்துவிடக் கூடாது. கை நடுங்கினால் அன்றைய மாதிரி போயிற்று. பிறகு சென்ட்ரிஃபியூஜில் அரை மணி நேரம், அதுவும் பிரேக் போடாமல் தானாகச் சுற்றி நிற்கும்படி. வெளியே எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள் படிந்திருக்கும், மேலே மஞ்சள் பிளாஸ்மா. நடுவில் மெல்லிய, பால் கலங்கியதுபோன்ற ஒரு வளையம். எங்களுக்கு வேண்டியது அந்த வளையம்தான். ஒரு மில்லி ரத்தத்துக்குச் சுமார் பத்து லட்சம் செல். அதில் சிடி4 உண்டு, வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் சிடி8 உண்டு, வேறு பலவும் உண்டு.

அந்தச் செல்களை 96 குழிகள் கொண்ட தட்டில் போட்டு, வைரஸ் புரதத்தின் துண்டுகளைக் காட்டி ஓர் இரவு வைத்திருப்போம். புரதத்தை அடையாளம் கண்டுகொண்ட செல் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளை உமிழும். மறுநாள் சாயமேற்றினால், உமிழ்ந்த ஒவ்வொரு செல்லும் இருந்த இடத்தில் ஒரு புள்ளி தெரியும். ஒரு குழியில் புள்ளிகள் நெருக்கமாக நிறைந்திருக்கும். பக்கத்துக் குழியில், இன்னொருவருடைய செல்களில், இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஒரே வைரஸ்தான், ஆனால் இரண்டு உடம்புகள் அதை எதிர்கொண்ட விதம் வேறு. ஏன் வேறு என்பதுதான் முப்பது நாற்பது ஆண்டுகளாக உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி.

ரத்தம் கொடுக்க வரும் ஒரு அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார். கணவர் மூலம் தொற்று வந்து, அவர் போய், தையல் மிஷினில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்.

"ஏம்மா, ஒருநாள் விடாம மாத்திர போடுறேன். வைரல் லோடு பாத்தா ஒண்ணுமே இல்லன்னு ரிப்போர்ட்ல வருது. அப்புறம் ஏன் மாத்திரய நிறுத்தக் கூடாதுங்கறாங்க?"

"ரத்தத்துல இல்லக்கா. தூங்கிட்டிருக்கற செல்லுக்குள்ள இருக்கு."

"அது எப்ப எந்திரிக்கும்?"

"தெரியலக்கா. அதத்தான் தேடறோம்."

"சீக்கிரம் தேடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு போனார்.

அவர் கேட்ட கேள்விக்கு மேல் ஒரு நிபுணர் குழுவும் கேட்டுவிட முடியாது. சின்ன வயதில் அம்மை வந்தவருக்கு மறுபடி வராமல் காப்பவை நினைவுச் செல்கள். வந்த கிருமியை ஞாபகம் வைத்துக்கொண்டு பல்லாண்டுகள் சும்மா இருப்பதே அவற்றின் இயல்பு. எச்ஐவி தன் மரபுக் குறிப்பை அந்தச் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே எழுதிவிட்டு அடங்கிக் கிடக்கிறது. மாத்திரை தடுப்பது வைரஸ் பெருகுவதை. தூங்கும் செல்லில் எதுவும் பெருகாததால் மருந்துக்கு அங்கே வேலையில்லை. 1997-இல் ராபர்ட் சிலிசியானோ, டக்ளஸ் ரிச்மன், ஆன்டனி ஃபாவுசி ஆகியோரின் மூன்று குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டன. நன்றாக மாத்திரை சாப்பிடுபவர்களின் ரத்தத்திலிருந்து தூங்கும் சிடி4 செல்களைப் பிரித்து, தட்டில் வைத்து உசுப்பினார்கள். உள்ளேயிருந்த வைரஸ் உயிரோடு வெளியே வந்தது. இந்தச் செல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதம் ஆகும் என்று சிலிசியானோ குழு பிற்பாடு கணக்கிட்டது. முழுதும் தீர எழுபது ஆண்டுக்கு மேல். ஆக, ஆயுள் முழுக்க மாத்திரை. அந்த அக்காவுக்கு இதை மாற்றிச் சொல்லக்கூடிய ஒரு விடை கிடைக்குமென்றால் அது செல்லைப் பார்ப்பதிலிருந்துதான் வரும். வேறு எங்கிருந்தும் வராது.

சிடி4 செல்கள் ஏன் அழிகின்றன என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸ் புகுந்து பெருகி, அந்தச் செல்லைக் கொல்கிறது என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில் வார்னர் கிரீன் குழுவினர், அறுவை சிகிச்சையில் அகற்றிய டான்சில் திசுக்களை வாங்கிவந்து அவற்றில் எச்ஐவியைச் செலுத்திப் பார்த்தார்கள். செத்த செல்களில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் வைரஸ் பெருகவே இல்லை. உள்ளே நுழைந்து, வேலையைத் தொடங்கி, பாதியில் நின்றுபோயிருந்தது. அந்த அரைகுறைத் துண்டுகளைக் கண்ட செல், ஆபத்து என்று உணர்ந்து தானே வெடித்துச் சாகிறது. வெடிக்கும்போது சிந்தும் பொருள்கள் அழற்சியை உண்டாக்கி மேலும் சிடி4 செல்களை அங்கே இழுக்கின்றன. வந்தவையும் அதே கதிக்கு ஆளாகின்றன. 2010-இல் தொடங்கி 2014 வரை இந்த முடிவுகள் வெளிவந்தன. உடம்பைக் காக்கும் எச்சரிக்கை ஏற்பாடே உடம்பைக் காலி செய்கிறது என்பதை எந்த மருந்துக் கம்பெனியும் யூகித்திருக்க முடியாது. யாரோ ஒருவர் டான்சிலை வெட்டி, செல்செல்லாக எண்ணியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம்மைப் போன்றவர்களின் ரத்தம் இருக்கிறது. கொல்லும் வேலையைச் செய்ய வேண்டிய சிடி8 செல்கள் நாளடைவில் ஓய்ந்துபோகின்றன. இருக்கும், வைரஸை அடையாளம் காணும், ஆனால் ஒன்றும் செய்யாது. ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ரஃபி அகமதுவின் குழு, 2006-இல், ஓய்ந்த செல்களின் மேல் பிடி-1 என்ற புரதம் தடையாக உட்கார்ந்திருப்பதை எலிகளில் காட்டியது. அதே ஆண்டு புரூஸ் வாக்கரின் குழு எச்ஐவியில் அதையே கண்டது. அதற்கு ரத்தம் கொடுத்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அப்போது மருந்து தொடங்காதிருந்த 71 பேர். பிடி-1 கூடக்கூட அவர்களின் வைரல் லோடு கூடியிருந்தது, சிடி4 குறைந்திருந்தது. தட்டில் அந்தத் தடையை விலக்கியதும் செல்கள் மறுபடி பெருகின. பிடி-1-ஐக் கண்டுபிடித்த தசுக்கு ஹோன்ஜோ 2018-இல் நோபல் பரிசு பெற்றார். அதே தடையை விலக்கும் மருந்துகள் இன்று பலவகைப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. டர்பனில் கைநீட்டி ரத்தம் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

டர்பனில் இருப்பதும் இந்தியாவில் பெரும்பாலும் இருப்பதும் எச்ஐவியின் சி வகை. உலகத்தில் எச்ஐவி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருப்பதும் அதுதான். ஆனால் ஆரம்ப காலப் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய பி வகையிலிருந்து வந்தவை. நம் ஊர் வைரஸை யார் பார்ப்பது? பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்கா குழுவினர் பார்த்தார்கள். செல் உசுப்பப்படும்போது என்எஃப் கப்பா பி என்ற புரதம் அதன் டிஎன்ஏவில் போய் ஒட்டி, பல மரபணுக்களை முடுக்கிவிடும். எச்ஐவியும் அதே புரதத்தைப் பிடித்து எழுந்துகொள்ளத் தன்னிடம் ஒட்டுமிடங்கள் வைத்திருக்கிறது. பி வகையில் பொதுவாக இரண்டு, சி வகையில் மூன்று. நான்கு உள்ள சி வகை வைரஸ்கள் இந்தியாவில் தலைதூக்கியிருப்பதை இவர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். தையல் மிஷின் அக்கா கேட்டாரே, "அது எப்ப எந்திரிக்கும்" என்று, அந்தக் கேள்வியின் ஒரு முனை இங்கே இருக்கிறது. பாஸ்டனிலோ பாரிசிலோ உட்கார்ந்திருப்பவர் இதைத் தேடிப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? நமக்குத்தான் அவசியம்.

காசநோயும் அப்படித்தான். நம் மையங்களில் வேலை செய்த எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சி: எச்ஐவியும் காசநோயும் சேர்ந்து உள்ள ஒருவர் காசநோய் மருந்து சாப்பிட்டுக் கொஞ்சம் தேறியிருப்பார். கூட்டு மருந்து தொடங்கிச் சில வாரங்களில் கழுத்துக் கட்டி பெரிதாகும், காய்ச்சல் கொதிக்கும். "மருந்து ஒத்துக்கல" என்று வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தி இறந்தவர்கள் உண்டு. உண்மையில் அங்கே நடப்பது, தொலைந்துபோயிருந்த சிடி4 செல்கள் திரும்பி வருவது. காய்ச்சலும் வீக்கமும் வருவதற்கே செல்கள் வேண்டும். அவை இல்லாத காலத்தில் கிருமி சத்தமில்லாமல் பெருகிக் கிடந்தது. வந்த செல்கள் அதைக் கண்டுகொண்டு அளவுக்கு மீறி எதிர்க்கின்றன. இதை ஐரிஸ் என்பார்கள். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் நோயாளிகளிடமே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசோன் மருந்தை நான்கு வாரம் கொடுத்தபோது இந்த எதிர்வினை 47 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைந்தது. செல்லில் என்ன நடக்கிறது என்று தெரிந்ததால்தான், மருந்தை நிறுத்தாதே, அழற்சியை மட்டும் தணி என்று டாக்டர் சொல்ல முடிகிறது. ஐரிஸைப் பற்றிப் படிப்பதற்கு, காசநோய் இவ்வளவு இருக்கும் நம் நாட்டைவிடப் பொருத்தமான இடம் எது?

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸே தென்படாதவர்களிடமும் உடம்புக்குள் ஒரு மெல்லிய அழற்சி தொடர்கிறது என்பதும், அதனால் இதய நோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்பதும் இன்னொரு பக்கம். 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில், எச்ஐவி உள்ள 7,769 பேரில் ஒரு பாதியினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தபோது மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் 35 விழுக்காடு குறைந்தன. 2004-இல் முப்பது வயதில் மாத்திரை தொடங்கியவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய செல்கள் எப்படி மூப்படைகின்றன என்று இங்கே யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்மால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு 1986-ஐ நினைவூட்டுகிறேன். எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், நம் பண்பாட்டுக்கு வராது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதைத்தான் ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். நிர்மலா பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். பரிசோதனை வசதி சென்னையில் இல்லாததால், ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். அங்கே ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று நாடு அறிந்தது இப்படித்தான். எந்த வெளிநாட்டுத் திட்டமும் அவர்களுக்கு வழிகாட்டவில்லை. கேள்வி இங்கே பிறந்தது, விடையும் இங்கேயே கிடைத்தது. சுனிதி அம்மா 2015-இல் மறையும்வரை இந்தப் பணியிலேயே இருந்தார்.

அந்தத் தொடக்கத்துக்குப் பிறகு நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. புனேயில் 1992-இல் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. சி வகையை அடிப்படையாக வைத்துச் செய்த தடுப்பூசி ஒன்றின் முதல் கட்டச் சோதனை சேத்துப்பட்டிலேயே நடந்தது. தன்னார்வலர்களில் பெரும்பாலோரின் டி செல்கள் பதில் கொடுத்தன, ஆனால் வலு போதவில்லை. அதன் பிறகு உலகம் நகர்ந்துவிட்டது. தேவையான எதிர்ப்பொருளைச் செய்யக்கூடிய அரிதான பி செல்களை முதலில் தட்டியெழுப்பும் புதிய வகைத் தடுப்பூசி, 36 பேரில் 35 பேரிடம் எதிர்பார்த்த முதல் படியை எட்டியதாக 2022-இல் முடிவு வந்தது. தடுப்பூசிக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. ஆனால் வழி தெரியத் தொடங்கிய நேரத்தில்தான் டியூக்கிலும் ஸ்கிரிப்ஸிலும் பணத்தை நிறுத்துகிறார்கள்.

இங்கே எங்களைப் போன்றவர்கள் பார்ப்பது வேறுவிதமான நிறுத்தம். எல்லாமே 'புராஜெக்ட்'. மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு. முடிந்ததும் டெக்னீஷியன் வீட்டுக்கு, ஆய்வு மாணவர் வெளிநாட்டுக்கு. செல்கள் எங்கே போகும்? திரவ நைட்ரஜன் உள்ள பெரிய கலத்தில், மைனஸ் 196 டிகிரியில், குப்பிகளில் இருக்கும். நைட்ரஜன் தினமும் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் வாரந்தோறும் ஊற்ற வேண்டும். கலத்துக்குள் ஓர் அளவுகோலை விட்டு எடுத்துக் காற்றில் அசைத்தால் திரவம் இருந்த உயரம்வரை வெள்ளையாகப் பனி பூக்கும். அதைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வோம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கூடத்தில், புராஜெக்ட் முடிந்து, நைட்ரஜன் பில்லுக்கு எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று முடிவாகாமல் கோப்பு நகராமல் கிடந்தது. அந்தப் பனிக்கோடு வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்ததைக் குறித்துக்கொண்டிருந்தோம். கடிதம் எழுதினோம், நேரில் போய்ச் சொன்னோம். பணம் வந்தபோது மேல் அடுக்குகளில் இருந்த குப்பிகள் உருகியிருந்தன. எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தால் அத்தனையும் செத்த செல்.

அந்தக் குப்பிகளில் மருந்து தொடங்குவதற்கு முன்னால் எடுத்த ரத்தத்தின் செல்கள் இருந்தன. அவற்றை இனிமேல் யாராலும் சேகரிக்க முடியாது. இன்று தொற்று தெரிந்தவுடன் மருந்து தொடங்குகிறோம், அதுதான் நியாயம், ஆராய்ச்சிக்காக ஒருவரை மருந்தில்லாமல் வைத்திருக்க எந்த மனசாட்சியும் இடம்கொடாது. ஆகவே, மருந்து எட்டாத அந்தக் கொடுமையான ஆண்டுகளில், பலர் சாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொடுத்த ரத்தம் அது. கொடுத்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. எச்ஐவி இந்திய உடம்பில் தன் போக்கில் என்ன செய்தது என்பதற்கு இருக்கும் சாட்சி, நாடெங்கும் உறைகலங்களில் மிஞ்சியிருக்கும் இந்தக் குப்பிகள் மட்டுமே. மருந்தே இல்லாமல் வைரஸைத் தாமாகவே அடக்கி வைத்திருக்கும், நூற்றில் ஒருவருக்கும் குறைவான அந்த அபூர்வ மனிதர்களின் செல்களும் இவற்றுக்குள் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் பலரிடம் பி57, பி27 என்ற எச்எல்ஏ மரபணு வகைகள் இருப்பதைப் பிற நாட்டவர்கள் இப்படிச் சேர்த்துவைத்த ரத்தத்திலிருந்துதான் கண்டறிந்தார்கள்.

பணம் இருந்தால் முதலில் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் போகட்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நம்பிக்கை மையங்களும் கூட்டு மருந்து மையங்களும் ஒரு நாள்கூடத் தடைபடக் கூடாது. எல்லோருக்கும் மருந்து என்று ஆனபிறகு சிடி4 பார்ப்பதே வீண் என்று சிலர் பேசுவதும் ஆபத்தானது. முதல் நாள் கவுண்ட் 200-க்குக் கீழே இருப்பவருக்குக் காசநோயும் மூளைக்காய்ச்சலும் தேடிப் பார்க்காமல் வெறும் மாத்திரையோடு அனுப்பினால் அவரை இழந்துவிடுவோம். ஆனால் நைட்ரஜனுக்கும் நான்கு டெக்னீஷியன்களின் சம்பளத்துக்கும் ஆகும் செலவால் மாத்திரை நின்றுவிடும் என்று சொல்வதை ஏற்கமுடியாது. 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்ஐவியோடு வாழும் நாடு இது. உலகத்துக்கே எச்ஐவி மாத்திரை செய்து அனுப்பும் நாடு. தன் மக்களின் செல்களைப் படிக்கத் தன் கைப்பணத்தை எடுக்க இந்த நாட்டால் முடியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து, பல கூடங்களில் சிதறிக் கிடக்கும் இந்தச் செல்களுக்கு ஒரு தேசியப் பட்டியல் போட வேண்டும். எது உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்று முதலில் தெரியட்டும். உறைகலங்களைப் பராமரிக்கும் செலவை எந்தப் புராஜெக்டோடும் கட்டாமல் நிரந்தர ஒதுக்கீடாக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்பவருக்கு நிரந்தர வேலை தர வேண்டும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர் வாங்கிய தமிழ்நாடு, மருத்துவக் கல்லூரிகளில் நோய் எதிர்ப்பியல் படித்த பிள்ளைகள் இங்கேயே இருந்து வேலை செய்ய ஓர் இடத்தையாவது உருவாக்கலாம். நிர்மலாவைப் போன்ற மாணவிகள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் நல்ல கேள்வியோடு வந்து, கருவி இல்லை என்று திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ரத்தம் கொடுப்பவர்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி, விவரம் புரிந்த ஒப்புதல் இல்லாமல் யாரிடமும் ஆராய்ச்சி செய்ய முடியாது. எனவே படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம், கைரேகையும் வாங்குகிறோம். அதன் பிறகு என்ன ஆயிற்று என்று ஆங்கில இதழில் கட்டுரை வருவதோடு சரி. திட்டம் முடிந்த ஆறு மாதத்துக்குள், ரத்தம் கொடுத்தவர்களின் ரகசியம் காத்து, அவர்களை அழைத்து உட்காரவைத்து, கண்டது என்ன, காண முடியாதது என்ன என்று தமிழில் சொல்வதற்கு வரவுசெலவில் ஒரு தொகை ஒதுக்காத எந்தத் திட்டத்துக்கும் நெறிமுறைக் குழுக்கள் இனி அனுமதி தரக் கூடாது.